வலுக் குறைந்த கணினியில் கேம் பாதியில் நின்றால் எங்கிருந்து தேடத் தொடங்குவது

சோமனூருக்குப் பக்கத்தில், தறிக்குடோனை ஒட்டிய வீட்டில் இருக்கும் என் அக்கா மகன், அலுவலகத்தில் ஓடிக் கழித்த பழைய கணினி ஒன்றை வாங்கி, அதில் ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டு விளையாடிக்கொண்டிருந்தான். "ஒரு நாளைக்கு நல்லா ஓடுதுங் மாமா, ஒரு நாளைக்குப் பட்டுன்னு ஆஃப் ஆயிருதுங்" என்று அவன் என்னிடம் சொல்வதற்கு முன்பே, விண்டோஸ் இரண்டு முறை புதிதாகப் போடப்பட்டிருந்தது, 8 ஜி.பி. ராம் (கேம் ஓடும்போது பயன்படும் நினைவகம்) ஒன்றும் வாங்கியாகிவிட்டது. பழுது மட்டும் அப்படியே இருந்தது. எந்தெந்த நேரத்தில் நிற்கிறது என்று கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு வாரம் நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். அந்த வாரத்தில் பதினோரு முறை நின்றிருந்தது. அதில் ஒன்றுகூட ஞாயிற்றுக்கிழமை இல்லை. பழுது எங்கே இருக்கிறது என்பது அந்த நோட்டிலிருந்துதான் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

புதிதாகக் கணினி வாங்கிய பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. வலுக் குறைந்த கணினி என்றால் கேம் அதில் மெதுவாக ஓடும், படம் விட்டுவிட்டு வரும், அடுத்த கட்டம் திறக்க நேரமாகும். ஆனால் அது பாதியில் நிற்கக் கூடாது. நின்றால், நினைவகம் தீர்ந்திருக்கிறது, அல்லது கேம் கேட்கும் ஒரு வசதி அந்தக் கணினியில் அறவே இல்லை, அல்லது சூடு, மின்சாரம், கோப்பு, உதிரிபாகம் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் குறை இருக்கிறது. "பழைய சிஸ்டம், அப்படித்தான் இருக்கும்" என்று கடையில் சொல்லும் பதிலை ஏற்றுக்கொண்டு புதியதற்குப் பணம் தேடுவதற்கு முன்னால், கீழே சொல்லியிருப்பதை வரிசையாகச் செய்து பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணச் செலவே கிடையாது.

நோட்டில் எழுத வேண்டியவை

எதையும் கழற்றுவதற்கும் மாற்றுவதற்கும் முன்னால், கேம் எப்படி நின்றது என்பதைப் பார்த்து எழுதுங்கள். நான்கு விதமாக நிற்கலாம். கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்துவிடலாம். படம் அப்படியே உறைந்து, ஒலி ஒரே இடத்தில் சிக்கியதுபோல் திரும்பத் திரும்பக் கேட்கலாம். நீலத் திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகலாம். அல்லது எந்தச் செய்தியும் இல்லாமல், பிளக்கைப் பிடுங்கியதுபோல் கணினியே அணைந்துவிடலாம். முதல் வகை பெரும்பாலும் கோப்பு, நினைவகம், கேம் அமைப்பு ஆகியவற்றைச் சார்ந்தது. இரண்டாவதில் கிராபிக்ஸ் கார்டையும், அதை இயக்கும் மென்பொருளான டிரைவரையும் பார்க்க வேண்டும். மூன்றாவதில் ராம், டிரைவர், கோப்புகள் இருக்கும் வட்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நான்காவது ஏறக்குறைய எப்போதும் சூடு அல்லது மின்சாரம். அதற்கு விண்டோஸை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் பலன் இராது.

அதோடு நேரம், கேம் தொடங்கி எத்தனை நிமிடம், எந்த இடத்தில், அப்போது பின்னால் என்னென்ன திறந்திருந்தது, வீட்டில் மோட்டாரோ கிரைண்டரோ ஓடியதா என்பதையும் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் கோப்பைச் சந்தேகியுங்கள். எந்த இடமானாலும் இருபது நிமிடத்தில் நின்றால் சூட்டைச் சந்தேகியுங்கள். எந்த ஒழுங்கும் இல்லாமல் நின்றால் மின்சாரத்தையும் ராமையும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, குறைந்தது இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, அதையும் எழுதுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டுப் பழுது போனால் எதனால் போனது என்று தெரியாது. திரும்பி வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

நீங்கள் எழுதத் தவறியதை விண்டோஸ் எழுதி வைத்திருக்கும். தேடல் பெட்டியில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்பது வரும். அதைத் திறந்தால் நாள் வாரியாக ஒரு கோடும், பழுது நேர்ந்த நாள்களில் சிவப்புக் குறியும் தெரியும். குறியைத் தொட்டு விவரத்தைத் திறந்து, எக்ஸ்செப்ஷன் கோடு என்ற வரியைப் பாருங்கள். சி என்ற எழுத்து, அடுத்து ஆறு சுழியம், கடைசியில் 5 என்று இருந்தால், கேம் தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தைத் தொட்டிருக்கிறது என்று பொருள். கெட்ட கோப்பு, கெட்ட ராம், இடையில் புகும் வேறு மென்பொருள் ஆகிய எதனாலும் இது வரும். சி, ஐந்து சுழியம், 1, டி என்று முடிந்தால், கணினியின் மூளையான பிராசசருக்குத் தெரியாத ஒரு கட்டளையை கேம் கேட்டிருக்கிறது. அதற்கு உங்கள் பக்கத்தில் மருந்து கிடையாது.

இன்னும் விரிவாகப் பார்க்க 'இவென்ட் வியூவர்' உள்ளது. அதில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போனால் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதைக் கண்டதும் எஸ்.எம்.பி.எஸ். (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) கெட்டுவிட்டது என்று முடிவு செய்கிறவர்கள் உண்டு. அந்தப் பதிவு சொல்வது, விண்டோஸ் முறையாக அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே. ஏன் என்பதை அது சொல்வதில்லை. 'டிஸ்ப்ளே' என்ற பெயரில் 4101 என்ற எண் இருந்தால், கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டிருக்கிறது என்று உறுதியாகக் கொள்ளலாம். கிராபிக்ஸ் பகுதி 2 நொடிக்கு மேல் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதைத் தானே மீட்டமைக்கும். அந்த அதிர்ச்சியைப் பல கேம்கள் தாங்குவதில்லை.

கேம் கேட்பது கணினியில் இருக்கிறதா

விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, டிஎக்ஸ்டயக் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் தட்டினால், பிராசசர், ராம், கிராபிக்ஸ், டைரக்ட்எக்ஸ் (கேம் கிராபிக்ஸைப் பயன்படுத்த உதவும் விண்டோஸ் பகுதி) விவரங்கள் ஒரே இடத்தில் கிடைக்கும். அதை கேம் விற்கும் பக்கத்தில் 'மினிமம்' என்று போட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். கோவை காந்திபுரத்திலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் மலிவாகக் கிடைக்கும் அலுவலகக் கணினிகளில் இன்டெல் 2ஆம், 3ஆம், 4ஆம் தலைமுறை பிராசசர்களை அதிகம் பார்க்கலாம். இவற்றில் 2ஆம் தலைமுறையோடு வரும் கிராபிக்ஸ் டைரக்ட்எக்ஸ் 10.1 வரைதான், டைரக்ட்எக்ஸ் 11 கேட்கும் கேம் அதில் தனிக் கார்டு இல்லாமல் திறக்கவே திறக்காது. 3ஆம் தலைமுறையில் 11 கிடைத்துவிடும். 4ஆம் தலைமுறையில் 12 முதலில் இருந்தது. பாதுகாப்புக் குறை ஒன்றின் காரணமாக இன்டெல் பிறகு வந்த டிரைவரில் அதை நிறுத்திவிட்டது. ஆகவே, கேமின் அமைப்பில் டைரக்ட்எக்ஸ் 11, 12 என்று இரண்டும் இருந்தால், பழைய கணினியில் 11ஐத் தேர்ந்தெடுங்கள்.

நேற்று வரை ஓடிய கேம் இன்று ஓடாமல் போவதும் உண்டு. கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் பழைய பதிப்புக்குப் பதிலாக 2023 செப்டம்பரில் இரண்டாம் பதிப்பு வந்தபோது, 4 ஜி.பி. ராம் வைத்திருந்தவர்கள் திகைத்தார்கள். புதியது 8 ஜி.பி. கேட்டது. 2024 ஜனவரி 1 முதல், கேம் விற்கும் தளமான ஸ்டீம், விண்டோஸ் 7, 8 ஆகியவற்றுக்கு ஆதரவை நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11இல் வேலரன்ட் விளையாட டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் தேவை. இவை கணினியில் வந்த பழுது அல்ல. இவற்றைப் பழுதாக எண்ணி ராமை மாற்றுவது பணத்துக்குத்தான் கேடு.

கேம் மட்டும் மூடிக்கொள்ளும்போது

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி'யைப் பாருங்கள். அதில் 'கமிட்டெட்' என்ற இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் இரண்டாவதை நெருங்கினால் நினைவகம் தீரப்போகிறது. 4 ஜி.பி. ராம் உள்ள கணினியில் விண்டோஸே சுமார் 2 ஜி.பி.யை எடுத்துக்கொள்ளும், தனிக் கார்டு இல்லையென்றால் கிராபிக்ஸும் அதே ராமிலிருந்துதான் எடுக்கும். மிச்சத்தில் பிரவுசரில் பத்துப் பக்கங்கள் திறந்திருந்தால் கேமுக்கு என்ன கிடைக்கும்? கேம் தொடங்குவதற்கு முன் பிரவுசரை முழுவதுமாக மூடுங்கள். 'ஸ்டார்ட்அப்' பகுதியில் தேவையற்றவற்றை நிறுத்துங்கள்.

ராம் நிறைந்தால் விண்டோஸ் வட்டில் உள்ள பேஜ் ஃபைல் என்ற பகுதியைத் துணை நினைவகமாகப் பயன்படுத்தும். வேகம் கூடும் என்று யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு இதை அணைத்து வைத்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வலுக் குறைந்த கணினிக்கு இதைவிடப் பெரிய தீங்கு செய்ய முடியாது. 'திஸ் பி.சி.' மேல் வலப்பக்கச் சொடுக்கு, 'ப்ராப்பர்ட்டீஸ்', 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று போய், 'பெர்ஃபார்மன்ஸ்' என்பதற்குக் கீழுள்ள 'செட்டிங்ஸ்' பொத்தானை அழுத்தி, அங்கே 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'விர்ச்சுவல் மெமரி' என்ற இடத்தில், விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்ற முதல் கட்டத்தில் குறியிடுங்கள். சி டிரைவில் 20 ஜி.பி.யாவது காலியாக இருக்கட்டும். இடமில்லாத வட்டில் பேஜ் ஃபைல் வளர முடியாது.

கேமின் அமைப்பில், படத்தின் அளவை 1920×1080இலிருந்து 1280×720க்குக் குறைத்தால் வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே வந்துவிடும். ஆனால் நிற்பதைத் தடுப்பதற்கு முதலில் குறைக்க வேண்டியது 'டெக்ஸ்சர்' (பொருள்களின் மேல் போர்த்தும் படங்கள்) தரம். கார்டின் நினைவகத்தை அதிகம் விழுங்குவது அதுதான். அடுத்து நிழல். அதன்பின் நொடிக்கு இத்தனை படம் என்ற எல்லையை 30 அல்லது 60 என்று வையுங்கள். எல்லை இல்லாவிட்டால், மெனு பக்கத்தில் சும்மா நிற்கும்போதுகூடக் கார்டு முழு வேகத்தில் ஓடிச் சூடேறும். மெனுவுக்கே போக முடியாமல் நின்றால், 'டாக்குமென்ட்ஸ்' அடைவில் அந்த கேமின் பெயரில் இருக்கும் அமைப்புக் கோப்பின் பெயரை மாற்றி வையுங்கள். கேம் புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும். அழிக்க வேண்டாம், சேமித்த ஆட்டம் அதோடு போய்விடக் கூடும்.

எம்.எஸ்.வி.சி.பி.140, வி.சி.ரன்டைம்140 என்ற பெயர்களில் டி.எல்.எல். (கேமுக்குத் துணையான நிரல் கோப்பு) இல்லை என்று செய்தி வந்தால், மைக்ரோசாஃப்ட் தளத்தில் 'விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' என்பதன் 64 பிட், 32 பிட் இரண்டையும் இறக்கிப் போடுங்கள். பழைய கேம் டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் கோப்பைக் கேட்டால், 2010 ஜூன் மாதத்து டைரக்ட்எக்ஸ் ரன்டைம் தொகுப்பு அதைத் தரும். ஒற்றை டி.எல்.எல். கோப்பை மட்டும் இலவசமாகத் தரும் தளங்களின் பக்கம் போகவே போகாதீர்கள்; வைரஸ் வீட்டுக்குள் வரும் வழிகளில் அதுவும் ஒன்று.

கோப்புகள் கெட்டிருக்கின்றனவா என்று பார்க்க ஸ்டீம், எபிக் இரண்டிலும் 'வெரிஃபை' என்ற வசதி உள்ளது. விளையாடும்போது கரண்டு போய்ப் போய் வந்த வீடுகளில் இதை முதலில் செய்வது நல்லது. எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நின்றிருக்கும். பூட்டுடைத்த கேம்களைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அவற்றில் பூட்டை உடைத்த கோப்பையே ஆன்டிவைரஸ் தூக்கிவிடுவதால் கேம் நிற்கும். ஆன்டிவைரஸை அணைத்தால், உங்கள் கணினியின் உழைப்பைத் திருடும் நிரல் உள்ளே உட்கார்ந்துகொண்டு, கேம் ஓடாத நேரத்திலும் அதைச் சூடேற்றும். எபிக் கடை முறையாகவே பல கேம்களை இலவசமாகத் தருகிறது, அவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வரக்கூடிய ஒரு சிக்கலும் உண்டு. விண்டோஸில் பயனர் பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்திருந்தால், சில கேம்கள், குறிப்பாகப் பழையவை, அந்த அடைவின் பெயரைப் படிக்கத் தெரியாமல் தொடக்கத்திலேயே மூடிக்கொள்ளும். நம் மொழியில் பெயர் வைப்பது தவறல்ல, தவறு அந்த கேமைச் செய்தவர்களுடையது. ஆயினும் வேலை நடக்க வேண்டுமென்றால், ஆங்கில எழுத்தில் இன்னொரு பயனர் கணக்கைத் தொடங்கி அதில் ஓட்டிப் பாருங்கள்.

படம் உறையும்போது

கிராபிக்ஸ் டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுத்துப் போடுங்கள். புதியதே சிறந்தது என்ற விதி பழைய கார்டுக்குப் பொருந்தாது. ஜி.டி. 710, பெரும்பாலான ஜி.டி. 730 கார்டுகள் ஆகியவை சார்ந்த கெப்ளர் வரிசைக்கு, புது கேம்களுக்கான டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2021ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டது. அத்தகைய கார்டுக்கு 470 வரிசையில் வந்த டிரைவரைத் தேடிப் போடுவதுதான் சரி. பழைய டிரைவரின் மிச்சங்கள் குழப்பம் செய்தால், டி.டி.யு. என்ற இலவச மென்பொருளை விண்டோஸின் 'சேஃப் மோடில்' ஓட்டிச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடலாம். டிஸ்கார்டு, ஸ்டீம், கேம் பார் ஆகியவை திரையின் மேல் காட்டும் மேலடுக்குகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

சூடும் பஞ்சும்

வெளியூர்க்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் தூசி தட்டுவது ஒரு வரியில் முடிந்துவிடும். நம் ஊரில் அது அப்படி முடிவதில்லை. சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கம் தறி ஓடும் தெருக்களிலும், திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு அருகிலும் காற்றில் மிதப்பது வெறும் மண் தூசி அன்று, பஞ்சு. மண் தூசி மேலே படியும், ஊதினால் பறக்கும். பஞ்சோ, பிராசசரின் விசிறிக்கும் அதன் கீழே சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில் போய்ப் பின்னிக்கொண்டு கம்பளி போலப் படர்ந்துவிடும். பெட்டியைத் திறந்து பார்த்தால் விசிறி சுத்தமாகத் தெரியும், சுற்றவும் செய்யும். காற்று மட்டும் தகட்டுக்குள் இறங்காது. விசிறியைக் கழற்றினால்தான் அந்தப் படலம் கண்ணில் படும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பஞ்சுக்குப் பதிலாக, பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் வீசும் காற்று கொண்டுவரும் புழுதி இருக்கிறது.

முதலில் அளந்து பாருங்கள். ஹெச்.டபிள்யூ. மானிட்டர் போன்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு, கேமை அரை மணி நேரம் ஓட்டி, 'மேக்ஸ்' என்ற பத்தியில் உள்ள எண்ணைப் படியுங்கள். பிராசசரும் கார்டும் 85 டிகிரிக்குள் இருந்தால் சூட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். இன்டெல் பிராசசர்கள் பெரும்பாலும் 100 டிகிரியை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்; அப்படியும் சூடு அடங்காவிட்டால் தம்மைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். அறையின் வெப்பம் ஏறும் அளவுக்கு உள்ளே இருப்பவையும் ஏறும் என்பதால், மார்கழியில் நிற்காமல் ஓடிய கணினி, ஈரோட்டிலும் கரூரிலும் 40 டிகிரியைத் தொடும் சித்திரை வெயிலில், ஓட்டுக் கூரையின் கீழ், நிற்கத் தொடங்கினால் வியப்பதற்கு எதுவும் இல்லை.

சுத்தம் செய்வதற்குக் கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்து, உள்ளே தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அதனுள் இருக்கும் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக் கூடும். விசிறியைக் கழற்றி, தகடுகளுக்கிடையில் உள்ள பஞ்சை மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக வாருங்கள். புளோயர் பிடித்தால், விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றின் வேகத்தில் அது கண்டபடி சுழன்றால் அதன் பேரிங் கெட்டுவிடும். ஹீட்சிங்கையே கழற்ற நேர்ந்தால், பிராசசரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருப்பதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒரு துவரம் பருப்பின் அளவு புதிய பேஸ்ட்டை நடுவில் வைத்துப் பூட்டுங்கள். அதிகம் வைத்தால் நன்மை அதிகமாகாது.

தறி ஊரில் இதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டியிருக்கும். கணினியைத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூல் மேல் வைத்தாலே உள்ளே போகும் பஞ்சு பெரிதும் குறையும். முன்பக்கக் காற்று வழியில் பனியன் துணியைக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பஞ்சோடு காற்றையும் அது தடுத்துவிடும். கொசுவலை போன்ற பெரிய கண்ணுள்ள வலை போதும், அதையும் வாரம் ஒரு முறை தட்ட வேண்டும். லேப்டாப்பை மெத்தையின் மேல் வைத்து விளையாடக் கூடாது. பின்பக்கத்தை ஒரு புத்தகத்தின் மேல் ஏற்றி வைத்தால் கீழிருந்து காற்றுப் போகும்.

மின்சாரம்

அக்கா மகனின் நோட்டுக்கு வருகிறேன். நான் போன அன்று மாலை, பிளக் பாயின்ட்டில் செருகினால் வோல்டேஜைக் காட்டும் சிறு மீட்டர் ஒன்றைப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பது கணக்கு. பின்னர், தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை காலையில் அது 225ஐக் காட்டியது. வார நாளில், கரண்டு போய் வந்ததும் சுற்றியிருந்த குடோன்களில் தறிகள் ஒன்றாகத் தொடங்கியபோது 180க்குக் கீழே இறங்கி ஏறியது. மோட்டார் ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தைத் தொடங்கும் நொடியில் இழுக்கும்; அந்தக் கம்பியில் இருக்கும் எல்லா வீட்டிலும் வோல்டேஜ் அப்போது அமிழும். பல்பு ஒரு முறை மங்கி மீள்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போர் மோட்டார் இருக்கும் தோட்டத்து வீடுகளிலும் இதே கதைதான்.

ஆனால் தெருவில் மற்றக் கணினிகள் நிற்கவில்லை. இவனுடையது மட்டும், அதுவும் கேம் ஓடும்போது மட்டும் நின்றது. காரணம் உள்ளே இருந்தது. கிராபிக்ஸ் கார்டு போடுவதற்காக, கணினியோடு வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஐக் கழற்றிவிட்டு, 450 வாட் என்று அச்சடித்த மலிவான ஒன்றைப் போட்டிருந்தார்கள். கையில் தூக்கினால் காகிதப் பெட்டிபோல் இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த தாளில், 200 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருந்தது. வோல்டேஜ் அமிழும் அந்தச் சிறு கணத்தை, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் சேமிப்பைக் கொண்டுதான் கணினி கடக்க வேண்டும். சும்மா இருக்கும் கணினி கொஞ்சமாக இழுப்பதால் அந்தச் சேமிப்பு போதும். கேம் ஓடும்போது கார்டும் பிராசசரும் முழுமையாக இழுப்பதால் அது உடனே தீர்ந்துவிடும், கணினி அணையும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாற்றினோம். அன்றிலிருந்து இதுவரை அது அப்படி அணையவில்லை. முன்பு வாங்கிய ராமுக்கும் அந்தப் பழுதுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஆகவே, திடீரென்று அணையும் கணினியில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேலுள்ள தாளைப் படியுங்கள். இன்புட் எல்லையைப் பாருங்கள். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்பதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். கார்டும் பிராசசரும் உண்மையில் நம்பியிருக்கும் வாட் அதுதான், மேலே பெரிதாக அச்சிட்ட எண் அன்று. 600 வி.ஏ. என்று விற்கும் யூ.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் மட்டுமே தாங்கும். அதன் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் தளர்ந்ததும், கரண்டு போகும் நொடியில் கேமின் சுமையைத் தாங்காமல் கீழே விட்டுவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள், அதன் பின்புறத்தில் யூ.பி.எஸ். என்ற நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற நிலையில் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தைக் கணினி தாங்காது. எர்த் சரியாக இருக்கிறதா என்பதை எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பெட்டியைத் தொட்டால் சுருசுருவென்று இருந்தால் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நீலத் திரை

இங்கே பார்க்க வேண்டியவை குறைவு. ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்துத் திரும்பப் போடுங்கள். மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையைப் பென் டிரைவில் ஏற்றி ஓர் இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் கெட்டதுதான். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டி எது என்று கண்டுபிடிக்கலாம். வட்டின் நலத்தை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டும். அதில் 'காஷன்' என்று மஞ்சளில் வந்தால், கேமை மறந்துவிட்டு முதலில் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறு இடத்தில் நகலெடுங்கள். இவை அனைத்தும் சரியாக இருந்தும் நீலத் திரை நிற்காவிட்டால்தான் விண்டோஸைப் புதிதாகப் போடுவதற்குப் பொருள் உண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது என்பதையும், 11 அதிகாரப்பூர்வமாகப் பெரும்பாலும் இன்டெல் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும் என்பதையும் மனத்தில் வைத்து முடிவு செய்யுங்கள்.

பணம் செலவழிக்க வேண்டி வந்தால்

நோட்டு எதைக் காட்டுகிறதோ அதற்கே முதல் பணம். நினைவகம் தீர்வதால் நிற்கிறது என்றால், இருக்கும் ராமுக்கு இணையான இன்னொன்றை வாங்கி இரண்டாகப் போடுங்கள். தனிக் கார்டு இல்லாத கணினியில் ஒற்றை 8 ஜி.பி.யைவிட இரண்டு 4 ஜி.பி. கிராபிக்ஸுக்கு நன்றாக உழைக்கும். ஹார்டு டிஸ்க்கில் ஓட்டுகிறவர்கள் எஸ்.எஸ்.டி.க்கு மாறினால் காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறையும். ஆனால் நிற்பதற்கு அது மருந்து என்று எண்ண வேண்டாம்.

அலுவலகக் கணினிக்குக் கார்டு வாங்கும்போது, தனி மின்கம்பி கேட்காத, 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டாகப் பாருங்கள். மதர்போர்டின் செருகுமிடம் தரக்கூடிய உச்ச அளவு அதுதான், சிறு பெட்டிக் கணினிகள் சிலவற்றில் அதையும்விடக் குறைவு. பழைய கார்டு வாங்குகிறவர்கள் கடையிலேயே ஜி.பி.யு.-இசட் என்ற சிறு மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மிகப் பழைய கார்டின் உள்நிரலை மாற்றி, ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. என்று காட்டும்படி செய்து விற்கும் போலிகள் சந்தையில் உண்டு. அப்படிப்பட்டவை பலவற்றின் பெயருக்கு முன்னால் போலி என்ற ஆங்கிலச் சொல்லை அந்த மென்பொருள் போட்டுக் காட்டிவிடும். அதன்பின் உங்கள் கேமையே இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்து, சூட்டையும் படித்துவிட்டு, பில்லில் கார்டின் எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.